அழித்துவிட்டுத் தொடரவா?

ஆயுத பூஜை அன்றைக்குக் காலையில் பூஜை முடிந்த பிறகு எங்கள் கம்பெனியில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் டூட்டி. அந்த ஆள் வருஷா வருஷம் நான்தான். "ஜெசிந்தா, உனக்குத்தான் இது பண்டிகை இல்லையே" என்பார் மேனேஜர். டிசம்பர் வந்தால் மட்டும் கிறிஸ்துமஸ் எல்லாருக்கும் பொதுவாகிவிடும். அவர் குடும்பத்தோடு கொடைக்கானலுக்குப் போய்விடுவார். அப்போதும் டூட்டி எனக்குத்தான் என்றால் நான் ஏன் சண்டை போடுகிறேன் என்று அவருக்குப் புரிவதில்லை.

எங்கள் சர்வர்கள் எல்லாம் மேகத்தில் இருக்கின்றன. அதாவது எங்கோ ஒரு ஊரில், நாங்கள் யாரும் பார்த்திராத கட்டடத்தில். பொட்டு வைக்க அவை கைக்கு எட்டாததால் கீபோர்டுக்கும் மானிட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி படைத்து, தீபம் காட்டுவார்கள். பொட்டு வைத்த சாமானை மறுநாள் வரை தொடக்கூடாது. என் லேப்டாப்புக்கும் வைப்பார்கள், ஆனால் அதற்கு மட்டும் ஓய்வு கிடையாது. நெற்றியில் குங்குமத்தோடு அதுவும் என்னோடு டூட்டிக்கு வரும்.

இந்த வருஷம் வந்த வேலை சின்னது. வடவள்ளியில் ஒரு அடுக்குமாடி வீடு. நோயாளி பெயர் இலக்கியா, வயது முப்பத்துமூன்று. அவருடைய சர்வரில் இடம் தீர்ந்துபோகிறது. புதிதாக ஒரு பெரிய டிஸ்க் வாங்கியாகிவிட்டது என்று வீட்டிலிருந்து எழுதியிருந்தார்கள். அதை ஃபார்மேட் செய்து மாட்டிக் கொடுக்க வேண்டும். டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும்போது எஞ்சினீயர் நோயாளியின் வீட்டில் இருந்தாக வேண்டும் என்பது சமீபத்தில் வந்த விதி. ஏன் அந்த விதி என்றால், சர்வரில் இருப்பது கணக்கு வழக்கு இல்லை. இலக்கியாவின் ஞாபகம்.

ஒரு கார் விபத்தில் அவருக்கு மூளையில் அடிபட்டது. பேச்சு, நடை, அறிவு எல்லாம் திரும்பிவிட்டன. புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்வது மட்டும் திரும்பவில்லை. காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கருவியைப் பதித்திருக்கிறார்கள். அவர் பார்ப்பது, கேட்பது, நினைப்பது எல்லாவற்றையும் அது சர்வருக்கு அனுப்பும். வேண்டும்போது அங்கிருந்து எடுத்துக் கொடுக்கும். அவருடைய நேற்று முழுவதும் எங்களிடம்தான் இருக்கிறது.

கதவைத் திறந்தது இலக்கியாவேதான். ஈரத் தலையில் துண்டு, கையில் பொரித் தட்டு.

"கம்பெனியில இருந்துங்களா? வாங்க அக்கா. பண்டிகையும் அதுவுமா உங்களை அலைய விட்டுட்டோம்."

பின்னால் அவர் கணவர் பிரகதீஷ் வந்தார். மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றில் வரைபடம் போடுகிற வேலை. நல்ல உயரம், தூங்காத கண்.

"மேடம், மதியத்துக்குள்ள முடிஞ்சுருங்களா? சின்ன டிஸ்க்குல இன்னும் கொஞ்சம்தான் இடம் இருக்குதுன்னு மெசேஜ் வந்துட்டே இருக்குது."

"நிறைஞ்சா என்ன ஆகும்னு தெரியுமா சார்?"

"தெரியுமுங்க. அதுக்கப்புறம் எதுவும் பதியாது. அவளுக்கு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா உலகம் புதுசாயிரும்."

சரியாகத்தான் சொன்னார். என்னை உள் அறையில் உட்கார வைத்துவிட்டு மின்விசிறியைப் போட்டார். இலக்கியா சமையலறையில் ஏதோ பாடிக்கொண்டே கடலையை வேக வைத்துக்கொண்டிருந்தார். நல்ல வீடு, நல்ல ஜோடி என்று நினைத்தேன். எனக்கு ஆட்களை எடைபோடத் தெரியாது, டிஸ்க்கைத்தான் தெரியும்.

லேப்டாப்பைத் திறந்தேன். சர்வரோடு இரண்டு டிஸ்க்குகள் இருந்தன. ஒன்று சின்னது, பழையது, நிறைந்துகொண்டிருந்தது. இன்னொன்று பெரியது, எதிலும் மாட்டாமல் சும்மா இருந்தது. திரையில் டிஸ்க்குக்கு வயது தெரியாது. பெயராக ஒரு எழுத்து, பக்கத்தில் அளவு, அவ்வளவுதான். ஃபார்மேட் கட்டளையைத் தட்டினேன். அது ஒரு கேள்வி கேட்டது.

'இந்த டிஸ்க்கில் ஏற்கனவே தரவு உள்ளது. அழித்துவிட்டுத் தொடரவா? ஆம் / இல்லை.'

இந்தக் கேள்வி அடிக்கடி வரும். முன்பு யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்த டிஸ்க்கைச் சரியாகத் துடைக்காமல் நமக்குத் தருவார்கள். 'ஆம்' அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். என் விரலும் அந்தப் பழக்கத்தில் 'ஆம்' எழுத்தின்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. அங்கே கொஞ்சம் குங்குமம் அப்பியிருந்தது. விரலில் ஒட்டியதைத் துடைக்கக் கையை எடுத்தேன். எடுத்ததோடு, எதற்கும் ஒருமுறை உள்ளே பார்த்துவிடலாமே என்று தோன்றியது. இதைப் புத்திசாலித்தனம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

படிக்க மட்டும் முடிகிற மாதிரி அந்த டிஸ்க்கைத் திறந்தேன். உள்ளே நாலு வருஷம் இருந்தது. இலக்கியாவின் நாலு வருஷம். கடைசியாக எழுதப்பட்டது இன்று காலை, விடிந்து கொஞ்ச நேரத்தில்.

லேப்டாப்பிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு எழுத்தைத் தட்டியிருந்தால் போயிருக்கும்.

தொடக்கப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். சர்வர் ஒவ்வொரு முறை எழும்போதும் எந்தெந்த டிஸ்க்கை மாட்ட வேண்டும் என்று அதில் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். பெரிய டிஸ்க்குக்கு வரியே இல்லை. முதலில் அதை மாட்டியது யார் என்று பார்த்தேன். மகேந்திரன். அப்போது என்னோடு வேலை பார்த்தவன். நாலு வருஷத்துக்கு முன்னால், ஆயுத பூஜை அன்றைக்கு.

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மகேந்திரன் ஏதோ டிஸ்க்கை மாட்டி, எல்லாம் ஓடுகிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தபோதே மேனேஜர் தீபத்தோடு வந்துவிட்டார். கீபோர்டுக்குப் பொட்டு விழுந்தது. "ஒரே ஒரு வரி பாக்கி சார்" என்றான் மகேந்திரன். "பொட்டு வச்சாச்சு, இனி நாளைக்குத்தான்" என்றார் மேனேஜர். மறுநாள் விஜயதசமிக்கு அவன் மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனான். அடுத்த மாதம் பெங்களூருக்கே போய்விட்டான். அந்த ஒரு வரி யாருடைய வரி என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை, யாருமே கேட்கவில்லை. எல்லாரும் பொரி தின்றுகொண்டிருந்தோம்.

சர்வரை அணைக்காதவரை அந்த வரி இல்லாதது யாருக்கும் தெரியாது. அணைத்து எழுப்பினால் தெரியும். இன்று காலை யாரோ அணைத்து எழுப்பியிருக்கிறார்கள். நோயாளிக்குச் சட்டப்படி பொறுப்பான காப்பாளரின் கடவுச்சொல்லில். காப்பாளர் பிரகதீஷ்.

பால்கனியில் நின்றிருந்தார். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"சார், அது புது டிஸ்க் இல்ல."

அவர் திரும்பவில்லை. "புதுசுதானுங்க."

"அதுல உங்க சம்சாரத்தோட நாலு வருஷம் இருக்கு."

கம்பியில் சாய்ந்துகொண்டார். கீழே தெருவில் ஆட்டோக்களுக்கு வாழைக்கன்று கட்டிப் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க கேக்காம அமுக்கிருவீங்கன்னு நெனச்சேன்" என்றார். "பண்டிகை நாளு, அலுப்புல வர்றவங்க, பார்க்க மாட்டாங்கன்னு."

"ஏன் சார்?"

"போன வருஷம் கரண்ட் கோளாறுல உங்க சர்வர் ஒருக்கா தானா நின்னு எழுந்துச்சு. அன்னிக்குக் காலையில எழுந்து என்னைப் பார்த்துச் சிரிச்சா. ஒரு வருஷமா என்னைப் பார்த்துச் சிரிக்காதவ. பேசப் பேசத்தான் புரிஞ்சுது, கடைசி மூணு வருஷம் அவளுக்கு இல்லைன்னு. பயந்துபோய் உங்க ஆபீஸுக்குப் போன் போட்டேன். ஒரு பையன் ஏதோ தட்டினான், சரியாயிருச்சு. சரியானதும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா."

"அதுவரைக்கும் ஏன் சிரிக்கலை?"

"அந்த ஆக்சிடெண்ட்டுல வண்டி ஓட்டினது நானுங்க. லாரிக்காரன் மேல தப்புன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தேன். லாரி சும்மாதான் நின்னுச்சு. நான் போனைப் பார்த்துட்டு ஓட்டினேன்." அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னால அது அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. அடுத்த வாரம் கோர்ட்டுல விவாகரத்துக் கையெழுத்து. அப்புறம் காப்பாளர் அவங்க அக்கா. பாப்பாவும் அவகூடப் போயிரும்."

"பாப்பா இருக்கா?"

"மகிழினி. மூணு வயசு ஆகப்போகுது. எங்கம்மா வீட்டுல இருக்கா. இவ இப்படி எழுந்த நாள்ல எல்லாம் பாப்பா அங்கதான். ராத்திரி காய்ச்சல், இப்பப் பரவாயில்லைன்னாங்க."

உள்ளே பாட்டுக் கேட்டது. பிள்ளை பெற்றதே தெரியாத ஒரு தாய் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். 

"பாப்பாவை அவகிட்டயிருந்து பிரிக்கப்போறதில்லைங்க" என்றார் அவசரமாக. "கூட்டிட்டு வந்து, இது நம்ம பொண்ணு, உனக்கு ஞாபகம் அழிஞ்சுபோச்சுன்னு சொல்லுவேன். பழகிக்குவா. மூணு பேரும் ஒரே வீட்டுல இருப்போம். மேடம், அவ பாடுறாளே, கேக்குதுங்களா? அந்த டிஸ்க்குல இருக்கிறவ பாடவே மாட்டா. யாருக்கு நஷ்டம், சொல்லுங்க."

 பாட்டு நன்றாகத்தான் இருந்தது.

"என்னால முடியாது சார்."

"காப்பாளர் சொன்னா செய்யணும்னு உங்க விதியிலயே இருக்குதுங்க. நீங்க செய்யலைன்னா வேற ஆளைக் கேப்பேன். இல்லை அப்படியே விட்டுட்டுப் போங்க. சாயங்காலத்துக்குள்ள சின்ன டிஸ்க் நிறைஞ்சுரும். அது உங்க பாவம்."

விதியில் அப்படித்தான் இருந்தது. நோயாளியைக் கேட்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அவருடைய போன் அடித்தது. அம்மா போலிருக்கிறது. "காய்ச்சல் எத்தனைங்க இப்ப?" என்று கேட்டுக்கொண்டே வெளிக்கதவைத் திறந்து மாடிப்படிக்குப் போனார்.

நான் அறைக்குத் திரும்பினேன். இலக்கியா என் லேப்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் சுண்டலை வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தார். துண்டை அவிழ்த்திருந்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"அக்கா, சீக்கிரம் சொல்லுங்க. அந்தப் பெரிய டிஸ்க்கை அழிச்சுட்டீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்ல. உங்களுக்கு எப்படி..."

"அவரு என்னை எழுப்புறது இது மூணாவது தடவை."

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்? ஒவ்வொரு தடவையும் மறந்து..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டேன். பதில் எனக்கே தெரியும். பெரிய டிஸ்க்கை மாட்டுவது பழைய பாயின்மேல் புதுப் பாய் விரிக்கிற மாதிரி. அடியில் இருப்பது தெரியாதே தவிர, எங்கேயும் போகாது. மேல் பாயை எடுத்த நேரத்தில் நடந்தது எல்லாம் அடிப் பாயில்தான் பதியும், அடுத்த முறை எடுக்கும்போது அப்படியே இருக்கும். மேலே இருக்கும் இலக்கியாவுக்குத்தான் அந்த நாட்கள் தெரியாது. கீழே இருக்கும் இலக்கியாவுக்கு அவை எல்லாம் தெரியும். பிரகதீஷுக்கு இது தோன்றவேயில்லை.

"எனக்கு முந்தாநாள், நேத்து, இன்னைக்கு, அவ்வளவுதான்" என்றார் அவர். "முந்தாநாள் எழுந்தப்ப வயித்துல தழும்பு. ஆபரேஷன் பண்ணின ஞாபகமே இல்ல. பால்கனித் தொட்டியில நான் வச்ச கறிவேப்பிலைச் செடி முழங்கால் உசரம் நின்னுச்சு. நேத்து இடுப்புக்கு வந்துச்சு. இன்னைக்கு என் தோளுக்கு இருக்குது. ஒரு ராத்திரியில செடி அப்படி வளருமா? நடுவுல இருக்கிறதை வேற எங்கியோ வச்சிருக்காங்கன்னு புரிஞ்சுது. அவரு போன்ல டிஸ்க்கு டிஸ்க்குன்னு பேசுறதும் காதுல விழுந்துச்சு."

அவருடைய முந்தாநாள் என்பது போன வருஷத்துக் கரண்ட் கோளாறு; அவருடைய நேற்று, நடுவில் பிரகதீஷே ஒருமுறை அணைத்து எழுப்பி, பிறகு எங்கள் ஆபீஸில் சொல்லி மாட்டவைத்த ஏதோ ஒரு நாள். "அப்ப ஏன் ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்தீங்க?"

"நேத்து அவரு என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு அக்கா. வண்டி ஓட்டினது, போனைப் பார்த்தது, எல்லாம். மடியில தலையை வச்சு அப்படி அழுதாரு. எனக்கு முதல்ல அடிக்கலாம்னு வந்துச்சு. அப்புறம் பாவமா இருந்துச்சு. தலையைத் தடவிக் குடுத்து, சரி விடுங்கன்னு சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். தூங்கி எழுந்தா, இன்னைக்கு ஒண்ணுமே சொல்லாத மாதிரி லாரிக்காரனைத் திட்டுறாரு. அப்பத்தான் தெரிஞ்சுது, நான் மறந்துருவேன்னு தைரியத்துலதான் என்கிட்ட சொல்லியிருக்காருன்னு. சொன்னா இவரு என்ன பண்ணுவாரோன்னு பயம். நீங்க வர்ற வரைக்கும் பாட்டுப் பாடிட்டு இருந்தேன்."

அந்தப் பாட்டு எனக்குத் திரும்பக் கேட்டது. இப்போது நன்றாக இல்லை.

"தழும்பு எதுக்குன்னு சொல்லுங்க" என்றார்.

"உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கா. மகிழினின்னு பேரு."

அவர் கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார். பேர் நன்றாக இருக்கிறது என்றார். யார் வைத்தது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "அந்த டிஸ்க்குல இருக்கிற என்கிட்ட கேட்டாத் தெரியும், இல்லைங்களா?" என்றார்.

"தெரியும்."

வெளிக்கதவு திறந்தது. பிரகதீஷ் அறை வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இலக்கியா சட்டென்று சிரிப்பை வரவழைக்க முயன்று, வேண்டாமென்று விட்டுவிட்டார்.

இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நான்தான் சொன்னேன். "சார், அன்னிக்கு ஒருநாள் நீங்க இவங்க மடியில அழுதது இவங்களுக்கு ஞாபகம் இருக்கு."

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"சரி விடுங்கன்னு சொன்னியே" என்றார் மனைவியைப் பார்த்து. "அது இன்னும் இருக்குதா?"

"இருக்குது."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். என்னிடம் திரும்பி, தாழ்ந்த குரலில், பேரம் பேசுகிற மாதிரி கேட்டார்.

"மேடம், அழிக்க வேண்டாமுங்க. பெரிய டிஸ்க்கையே மாட்டிருங்க. மாட்டுறதுக்கு முன்னால, அடியில இருக்கிறதை அதுக்குள்ள காப்பி பண்ண முடியுங்களா?"

"முடியும்."

"அப்படின்னா அந்த ஒரு நாளை மட்டும் பண்ணுங்க. அவ சரின்னு சொன்ன நாளை. இன்னைக்கு நடந்தது வேண்டாம். இன்னைக்கு நடந்தது அடியிலேயே கிடக்கட்டும். யாருக்கும் தெரியாது."

முடியும் என்பதுதான் கொடுமை. ஒரு ஃபைலைத் தேர்ந்தெடுத்து, இன்னொன்றை விட்டுவிட்டால் போதும். நல்லதை மட்டும் எடுத்துக் கொடுத்தால் ஒரு குடும்பம் பிழைத்துவிடும், சின்னக் குழந்தைக்கு அப்பா கூட இருப்பார். ஒரு நொடி, இந்த ஆளுக்குச் செய்து கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். நினைத்ததற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

விதியில் இல்லாததைச் செய்தேன். பெரிய டிஸ்க்கில் இருக்கும் இலக்கியா கணவர்மேல் கோபத்தில் கோர்ட் வரை போயிருப்பதைச் சொல்லிவிட்டு, இந்த இலக்கியாவைக் கேட்டேன். "நீங்க சொல்லுங்க. என்ன பண்ணட்டும்?"

"அந்த டிஸ்க்குல இருக்கிறவ இவர்மேல இவ்வளவு கோவமா இருக்கிறது எனக்குத் தெரியலை" என்றார் அவர். "நான் மன்னிச்சது அவளுக்குத் தெரியலை. ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பார்த்தாத்தான் நான் என்ன நினைக்கிறேன்னு எனக்கே தெரியும். எல்லாத்தையும் போடுங்க அக்கா. இன்னைக்கும் சேர்த்து."

"இலக்கியா, ப்ளீஸ்" என்றார் பிரகதீஷ்.

"சார், உங்க பேர்ல புகார் போகும். என் பேர்லயும் போகலாம், நீங்க குடுங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பி கட்டளையைத் தட்டினேன். அவர் எழுந்து வந்து லேப்டாப்பைப் பிடுங்குவார் என்று எதிர்பார்த்தேன். பிடுங்கியிருந்தால் என்னால் தடுத்திருக்க முடியாது. ஆனால் அவர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார், இலக்கியாவைப் பார்த்தபடி. அதை அவர் பக்கத்து நியாயமாக நான் இன்றும் கணக்கில் வைத்திருக்கிறேன்.

சின்ன டிஸ்க்கில் மிச்சமிருந்த இடம் கண்ணெதிரே குறைந்துகொண்டே வந்தது. நாங்கள் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அதில்தான் ஏறிக்கொண்டிருந்தது. அதனால் யாரும் பேசவில்லை. இலக்கியா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். காப்பி முடிந்தது.

"மாட்டப்போறேன்" என்றேன்.

"நான் இருப்பேனா அக்கா?"

"இருப்பீங்க. கூட நாலு வருஷமும் இருக்கும்."

தலையசைத்தார். பெரிய டிஸ்க்கை மாட்டினேன்.

கண்ணைத் திறந்தபோது முகம் வேறாக இருந்தது. வயது ஏறியிருந்தது. உதட்டோரத்தில் ஒரு இறுக்கம். அறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மகிழினிக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?"

"விட்டுருச்சு" என்றார் பிரகதீஷ் தரையிலிருந்து.

பிறகு இலக்கியாவுக்கு மற்றதெல்லாம் வந்து சேர்ந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். இரண்டு வருஷக் கோபமும் மடியில் கிடந்த தலையும் இன்றைய பேரமும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. அவர் அழுதார். ரொம்ப நேரம் அழுதார். நான் சுண்டல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழுது முடித்து எழுந்து போய்க் கணவரின் முன்னால் உட்கார்ந்து, அவர் தலையில் கை வைத்தார். பிரகதீஷ் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நானும்தான்.

"வண்டி ஓட்டினதுக்கு எனக்கு இப்பக் கோவம் இல்லைங்க" என்றார் இலக்கியா. "நெசமாத்தான் சொல்றேன். அது அன்னிக்கே போயிருச்சு."

"அப்படின்னா..."

"கார் சாவியைக் குடுங்க. எங்க அக்காவை வரச் சொல்லி, உங்கம்மா வீட்டுலயிருந்து பாப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

அவர் சாவியைக் கொடுத்தார். வேறு என்ன செய்வார்?

எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. தொடக்கப் பட்டியலைத் திறந்து, நாலு வருஷமாக யாரும் எழுதாத அந்த வரியை எழுதினேன். சர்வரை ஒருமுறை அணைத்து எழுப்பிச் சோதிக்க வேண்டும் என்றேன். இலக்கியா நின்ற இடத்திலேயே கண்ணை மூடி, திறந்தார். விதிப்படி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: உங்களுக்குக் குழந்தை இருக்கிறதா, பெயர் என்ன?

"மகிழினி" என்றார். "அவரு வச்ச பேரு."

போகிற வழியில் பால்கனிக்குப் போய்க் கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினார். கையில் சாவியோடு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கணவரிடம் சொன்னார்.

"நான் சரி விடுங்கன்னு சொன்ன அன்னிக்கு ராத்திரியே நீங்க எதையும் கழட்டாம, மாட்டாம சும்மா இருந்திருந்தா, இன்னைக்கு நாம மூணு பேரும் பூஜை கும்பிட்டிருப்போமுங்க."